போருக்குப் போகாதவர்களுக்குப் போர் விரக்தியா?

கோட்டைச்சுவர்:
"இரண்டாம் உலகப் போரில் நொந்து திரும்பிய இளைஞர்களின் கலகம்தான் பீட் தலைமுறை" என்று 1950-களின் அந்த அமெரிக்க எழுத்தாளர் கூட்டத்தைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுத, ஆளாளுக்கு ஆகா ஓகோ என்கிறீர்கள். எரிச்சலாக இருக்கிறது. யார் திரும்பி வந்தது, எங்கிருந்து? அந்தக் கூட்டத்தின் முக்கியமான மூவரைப் பாருங்கள். ஜாக் கெரோவாக் 1943-இல் கடற்படைப் பயிற்சி முகாமுக்குப் போனார். கொஞ்ச நாளில் மருத்துவமனை. பிறகு மனநலக் காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வில்லியம் பர்ரோஸும் ராணுவத்தில் நிலைக்கவில்லை. ஆலன் கின்ஸ்பெர்க் அந்த 1943-இல்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்கிறார். பிரான்ஸின் நார்மண்டியில் படையோடு இறங்கியவர், அந்தக் கூட்டத்தில் சேராத எழுத்தாளர் சாலிஞ்சர். பிலிப்பைன்ஸில் சண்டையிட்டவர், அதேபோல் வெளியே நின்ற நாவலாசிரியர் நார்மன் மெய்லர். விரக்தி என்றால் அவர்களிடம் கேளுங்கள்.

நீலத்தாமரை:
டார்ச்செஸ்டர் கப்பலை வசதியாக விட்டுவிட்டீர்களே! 1942-இல் கெரோவாக் அதில் வேலை பார்த்து கிரீன்லாந்து வரை போய் வந்தார். 1943 பிப்ரவரி 3 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி அதே கப்பலை மூழ்கடித்தது. 670 பேருக்கு மேல் செத்தார்கள். அதுவும் போர் இல்லையா?

கோட்டைச்சுவர்:
மூழ்கியபோது கெரோவாக் அதில் இருந்தாரா? இல்லை. அவ்வளவுதான்.

பழைய ஏடு:
முதலில் யார் யாரைப் பீட் கணக்கில் சேர்க்கிறோம் என்று பேசி முடிவு செய்துகொள்ளலாமே. கவிஞரும் பதிப்பாளருமான ஃபெர்லிங்கெட்டி நார்மண்டிப் படையெடுப்பில் கடற்படை அதிகாரி. அணுகுண்டு விழுந்த சில வாரங்களில் நாகசாகியை நேரில் பார்த்தவர். அவரைச் சேர்த்தால் கதையே மாறிவிடும்.

கோட்டைச்சுவர்:
ஃபெர்லிங்கெட்டியே தன்னை பீட் கவிஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. கின்ஸ்பெர்க்கின் 'ஹவுல்' கவிதைத் தொகுப்பை 1956-இல் பதிப்பித்தார், அதற்காக 1957-இல் ஆபாச வழக்கைச் சந்தித்து ஜெயித்தார். அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம். ஆனால் பேச்சு கெரோவாக் பற்றியது. அவர் டார்ச்செஸ்டரில் இல்லை.

நீலத்தாமரை:
இருந்தார், மூழ்குவதற்குச் சில மாதம் முன்பு வரை! வணிகக் கப்பல் மாலுமிகளை நீங்கள் கேவலமாகத்தான் பேசுவீர்கள். அட்லாண்டிக்கில் ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் அவர்கள். அமெரிக்க அரசே 1988 வரை அவர்களைப் போர் வீரர்களாக ஏற்கவில்லை. நீங்களும் அதே வரிசையில் நில்லுங்கள். அப்புறம், கெரோவாக்கின் லோவல் ஊர் நண்பர் செபாஸ்டியன் சாம்பாஸ் இத்தாலியின் ஆன்சியோவில் காயப்பட்டு 1944-இல் இறந்தார். கூட வளர்ந்தவன் செத்தால் வருவது விரக்தி இல்லாமல் வேறென்ன?

கோட்டைச்சுவர்:
தம்பி, நண்பன் சாவது துக்கம். துக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அதைத் தலைமுறைக் கலகம் ஆக்காதீர்கள். மெய்லரின் 1948 போர் நாவலையும் கெரோவாக்கின் 'ஆன் தி ரோட்' நாவலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றில் சேறும் பயமும் அதிகாரிகளின் கொடுமையும் இருக்கின்றன. இன்னொன்றில் கார் ஓட்டுகிறார்கள்.

நீலத்தாமரை:
தம்பி என்று கூப்பிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நான் பெண். போன மாதம் ஃபாக்னர் விவாதத்திலும் இதையே செய்தீர்கள். பதில் இல்லாதபோது வயதைக் காட்டுவது உங்கள் பழக்கம்.

கரிசல்காரன்:
அந்த 'ஆன் தி ரோட்' நாவலே மூன்று வாரத்தில் தட்டச்சு செய்ததுதானே? 120 அடிக் காகிதச் சுருளில். இதற்கு இவ்வளவு சண்டையா?

நீலத்தாமரை:
மூன்று வாரம் என்பது 1951 ஏப்ரலில் சுருளை அடித்த காலம் மட்டும். அதற்குமுன் பல வருடக் குறிப்பேடுகள், பின்னால் திருத்தங்கள். புத்தகம் வந்தது 1957-இல். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு வராதீர்கள்.

கரிசல்காரன்:
சரி, பெண் என்று சொன்னீர்களே, ஜோன் வோல்மரைப் பற்றி ஏன் பேசவில்லை? 1951-இல் மெக்சிகோ நகரத்தில் பர்ரோஸ் சுட்டுக் கொன்ற மனைவி. இந்தக் கலகக்காரர்களுக்குப் பெண்கள் என்றால் சோறு போட, வாடகை கட்ட மட்டும்தான்.

நீலத்தாமரை:
அது உண்மை, கொடுமை. அதற்காக 'ஹவுல்' பொய்யாகிவிடுமா? மனநல மருத்துவமனையில் சந்தித்த கார்ல் சாலமனுக்காக எழுதிய கவிதை அது. 1955 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரியில் கின்ஸ்பெர்க் அதை வாசித்தபோது கூட்டமே கொதித்தது. அணுகுண்டு பயமும், கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களைத் துரத்திய செனட்டர் மெக்கார்த்தியின் வேட்டையும் அந்த ஊரையே அழுத்திக்கொண்டிருந்த காலம். போர்முனைக்குப் போனால்தான் போர் தொடுமா?

கோட்டைச்சுவர்:
மெக்கார்த்திக்கு எதிரான கலகம் என்று சொல்லுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். போரில் நொந்து "திரும்பியவர்கள்" என்று சொல்லாதீர்கள். நாவலாசிரியர் ஹெல்லர் இத்தாலிக்கு மேல் 60 முறை குண்டுவீசும் விமானத்தில் பறந்தவர். இன்னொரு நாவலாசிரியர் வானகட், குண்டுவீச்சில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எரிந்தபோது அங்கே போர்க் கைதி. அவர்கள் தங்கள் போர் நாவலைக் கொண்டுவர வருடக்கணக்கில் ஆயிற்று, ஒருவருக்கு 1961, இன்னொருவருக்கு 1969. அவர்களுக்கு உரிய இடத்தைக் கார் ஓட்டியவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெரோவாக் கடைசிக் காலத்தில் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களையே திட்டினார், அதையும் சொல்லுங்களேன்.

பழைய ஏடு:
யார் பீட், யார் இல்லை என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நீலத்தாமரை:
வியட்நாம் வேறு விஷயம், நழுவாதீர்கள். டார்ச்செஸ்டரில் கெரோவாக் வேலை பார்த்தாரா இல்லையா?

கோட்டைச்சுவர்:
மூழ்கியபோது இல்லை. எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான்.