இறங்கின தோளை ஏத்தினது: என் ரெண்டு அனுபவம்

முதல் தடவை எனக்கு 19 வயசு. கபடியில ரெய்டரோட கணுக்காலைப் பிடிச்சேன். அவன் கோட்டைப் பார்த்துப் பாய, என் வலது கை தலைக்கு மேல பின்னாடி போய் 'டொக்'னு மூட்டு விலகிடுச்சு. உருண்டையா இருக்க வேண்டிய தோள், பெட்டி மூலை மாதிரி ஆயிடுச்சு.

கேஷுவாலிட்டியில இடுப்புல ஒரு ஊசி. அது வேலை செய்யக் கொஞ்ச நேரமாவது ஆகும். யார் காத்திருந்தாங்க? அக்குள்ல பெட்ஷீட்டைச் சுத்தி ஒருத்தர் ஒரு பக்கம் இழுக்க, கையைப் பிடிச்சு இன்னொருத்தர் மறுபக்கம். மூணாவது இழுப்புல உள்ளே போச்சு. அப்பா பார்க்க முடியாம வெளியே போயிட்டார்.

நாலு வருஷம் கழிச்சு, பைக்ல உட்கார்ந்தபடி பின்சீட்டுப் பையை எடுக்கக் கையை நீட்டினேன், மறுபடியும் இறங்கிடுச்சு! வேற ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தோளோட வெளிப்பக்கம் பஞ்சால தொட்டு "தெரியுதா?"ன்னு கேட்டாங்க. எக்ஸ்ரே எடுத்ததும் நாற்காலியில நேரா உட்கார வெச்சு, எதிர்ல உட்கார்ந்து, என் கையைத் தன் தோள்மேல வெச்சுக்கிட்டாங்க. "நெஞ்சை நிமிர்த்துங்க தம்பி, தோள்பட்டையைப் பின்னாடி தள்ளுங்க." கழுத்தோரம், தோள், மேல்கைன்னு மெதுவா பிசைஞ்சு விட்டாங்க. "எப்ப மேடம் இழுப்பீங்க?"ன்னேன். "உள்ளே போயிடுச்சே!"

பதில் 1:
ரெண்டாவது தடவை உங்களுக்குச் செஞ்சது கன்னிங்ஹாம் முறை, ஆஸ்திரேலியாவுல 2003-ல வந்தது. நான் நைட் டியூட்டி டாக்டர். வலியில சதை இறுகித்தான் எலும்பை வெளியே பிடிச்சு வெச்சிருக்கும். இழுத்தா இன்னும் இறுகும். பஞ்சு வெச்சது நரம்பு அடிபட்டிருக்கான்னு பார்க்க. எல்லாருக்கும் இது பலிக்காது. பயந்து அழறவங்க, பாடி பில்டருங்கன்னா கஷ்டம்தான். அப்ப மரத்துப் போக வைக்கிற லிக்னோகெய்ன் மருந்து, 1%, 20 மில்லி மூட்டுக்குள்ளேயே போடுவேன். மயக்கம் குடுத்தா மூச்சைப் பார்க்கத் தனியா ஒரு ஆள் வேணும். ராத்திரி எங்க வார்டுல நானும் ஒரு சிஸ்டரும்தான். அதுக்காக மரத்துப் போக எதுவுமே போடாம இழுக்குறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

பதில் 2:
என் மாமியாருக்கு 68 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. எண்ணெய்க் கட்டு போடுறவர் எக்ஸ்ரே இல்லாமலே இழுத்துட்டார். அப்புறம் எடுத்த படத்துல மேல்கை எலும்போட கழுத்துல, அதாவது அதோட மேல் உருண்டைக்குக் கீழே, உடைசல். விழுந்ததுல உடைஞ்சதா, இழுத்ததுலயான்னு யாராலயும் சொல்ல முடியல.

பதில் 1:
அதனாலதாம்மா இழுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு படம் கேக்குறோம். தம்பி, 19 வயசுல ஒருதடவை இறங்கினா திரும்ப இறங்குற வாய்ப்பு அதிகம். ஆர்த்தோவை, அதான் எலும்பு டாக்டரை, பார்த்தீங்களா?

பதிவிட்டவர்:
அடுத்த வாரம் எம்ஆர்ஐ, டாக்டர்.