காசி யாத்திரையில் கயாவை நீக்கிவிட்டார்கள்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

ராயபுரத்து மகள்:
அம்மாவுக்காகக் காசி, கயா, அயோத்தி யாத்திரைக்கு ஓர் ஏஜென்சியில் முழுப் பணமும் கட்டியிருந்தேன். புறப்படும் வாரத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: கயா கிடையாது, ஏசி பெட்டிக்குப் பதில் ஸ்லீப்பர், கங்கைக்கரை விடுதிக்குப் பதில் ஊருக்கு வெளியே வேறொன்று. கட்டணம் மட்டும் குறையவில்லை. அப்பாவுக்குக் கயாவில் பிண்டம் வைக்கத்தான் அம்மா கிளம்பினார். வர மறுத்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாதாம். இது எந்த ஊர் நியாயம்?

மிண்ட் தெரு பயண அமைப்பாளர்:
உங்கள் வருத்தம் புரிகிறது அம்மா. ஆனால் 'பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது' என்று ரசீதின் பின்புறம் அச்சிட்டிருப்பார்கள். அதற்குச் சம்மதித்துத்தான் எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி இறங்கினால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், சில ரத்தாகும். விடுதி முன்பணம், வேன் வாடகை, சமையல்காரர் சம்பளம் எல்லாம் நாங்கள் முன்பே கொடுத்துவிடுகிறோம். கடைசி நேரத்தில் ஒவ்வொருவராக விலகினால் சிறிய ஏஜென்சி தாங்காது.

பெரம்பூர் வாசகர்:
பனியை யாரும் குறை சொல்லவில்லை ஐயா. ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் முழுக் கட்டணமும் எடுத்தவரின் கணக்குக்குத் தானாகத் திரும்பிவிடும். எடுத்தவர் ஏஜென்ட். இங்கே ரயில் ரத்தாகவும் இல்லை, வகுப்புதான் இறங்கியிருக்கிறது. மிச்சமான தொகை யார் கையில்?

அம்மா, ரசீதின் பின்புற வரிக்கு அஞ்சாதீர்கள். நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் மாற்றிவிடும் நிபந்தனைகளை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அந்த நிபந்தனையையே எதிர்ப்பதானால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். சொன்னதைத் தராதது சேவைக் குறைபாடு என்று கேட்டால் மாவட்ட ஆணையமே போதும். குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம்; உங்களுக்குச் சென்னை வடக்கு. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

திருவொற்றியூர் அண்ணன்:
கயா போகும் அடுத்த குழுவில் சேர்க்கச் சொல்லலாமே, தங்கை?

ராயபுரத்து மகள்:
கேட்டேன் அண்ணா. கூடுதல் பணம் கேட்கிறார்கள்.

மிண்ட் தெரு பயண அமைப்பாளர்:
கூடுதல் பணம் கேட்பது தவறு. வகுப்புக்கும் விடுதிக்கும் உரிய வித்தியாசத்தையும் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் முழுப் பணமும் என்பதை என்னால் ஏற்க முடியாது. காசியும் அயோத்தியும் அப்படியே இருக்கின்றனவே?

ராயபுரத்து மகள்:
கயா இல்லையென்று தெரிந்திருந்தால் அங்கே பணமே கட்டியிருக்க மாட்டோம் ஐயா.

பெரம்பூர் வாசகர்:
பணத்தைத் திரும்பக் கேட்டு ஏஜென்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; அதில் இதையே முதல் வரியாக வையுங்கள். கயா பெயர் அச்சிட்ட விளம்பரத் தாளின் நகலையும், வாட்ஸ்அப் செய்தியின் படத்தையும் இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். புறப்படும் நாளுக்கு முன்பே போய்ச் சேரட்டும். மறுப்பைத் தெரிவிக்காமல் போய்வந்துவிட்டால், மாற்றத்துக்கு நீங்கள் சம்மதித்ததாகவே வாதாடுவார்கள்.