வளையமா, வெறும் பிளேட்லெட்டா?

மோல்மேனிலிருந்து:
லேப் வேலையில் சேர்ந்த புதிது. ரப்பர் பால் வெட்டும் ஒருவர் நாலு நாள் குளிர்காய்ச்சலோடு வந்தார். பர்மிய மொழியில் மலேரியாவுக்குப் பேரே 'பறவைக் காய்ச்சல்' என்றுதான் பொருள்படும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

மலேரியாவா என்று பார்க்க அவர் ரத்தத்தைக் கண்ணாடியில் பூசிச் சாயமேற்றினேன். மெல்லிசாகப் பரப்பிய மெல்லிய பூச்சில் ஒரு சிவப்பணு மேல் ஊதாப் பொட்டு. மலேரியா ஒட்டுண்ணியின் இளம் வளையம் என்று நினைத்து, ஃபால்சிபாரம் இனம் என்று எழுதிவிட்டேன். மூத்தவர் குனிந்து பார்த்து, ஃபோகஸை மெல்ல ஏற்றி இறக்கினார். "தம்பி, பொட்டு தெளியும்போது அணு மங்குது பாரு. உள்ளே இல்ல, மேல உட்கார்ந்திருக்கு. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டு. கருவான சிவப்புக் குரோமாட்டின் ஒரு புள்ளி, அதைச் சுத்தி உடம்பான நீலச் சைட்டோபிளாசம், ரெண்டும் இருந்தாத்தான் ஒட்டுண்ணி."

சரி, நெகட்டிவ் என்று மாற்றப் போனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "ரத்தத்தைக் குவிச்சு வைக்கிற தடித்த பூச்சுல, மைக்ராஸ்கோப்பை நகர்த்தி நகர்த்தி நூறு புலம் பார்த்தியா?" பார்க்கவில்லை. எண்ணெய் விட்டு நூறாம் லென்ஸில் எண்ண ஆரம்பித்தேன். அறுபதைத் தாண்டி ஒன்று கிடைத்தது, அமீபா மாதிரி கைகால் நீட்டிக்கொண்டு. மெல்லிய பூச்சுக்குத் திரும்பித் தேடினால் அணு ஊதிப் பெருத்து, மேலெல்லாம் ஷஃப்னர் புள்ளிகள் என்கிற பொடி இளஞ்சிவப்புப் புள்ளிகள். வைவாக்ஸ் இனம்! ஆளுக்கு மலேரியாதான், நான் எழுதிய இனம் மட்டும் இல்லை. வைவாக்ஸ் ஈரலில் பதுங்கி மறுபடி வரும். அதைக் கொல்லப் பிரைமாகுவின் மாத்திரை வேணும், அதற்கு முன்னால் ஜி6பிடி சோதனை வேணும்; அந்த நொதி குறைந்தவருக்கு இந்த மாத்திரை சிவப்பணுவை உடைத்துவிடும். என் சீட்டை நம்பியிருந்தால் அவர் வைவாக்ஸுக்கான முழு பிரைமாகுவின் இல்லாமலே வீட்டுக்குப் போயிருப்பார்.

பெகுவிலிருந்து:
ஷஃப்னர் புள்ளிகளா? எங்கள் லேபில் ஒரு வருஷம் கண்ணில் படவே இல்லை. ஜீம்சா சாயத்தைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தோம். பிஎச் (அமில-கார அளவு) 7.2-இல் நிற்கும் பஃபர் கரைசல் வந்த அன்றைக்கே தெரிந்தன. அதுவரை எத்தனை வைவாக்ஸை வேறு பேரில் எழுதினோமோ.

யாங்கூனிலிருந்து:
எனக்கு நேர்மாறான தொல்லை. மாத்திரை முடித்து இரண்டு வாரம் ஆனவருக்கு, சொட்டு ரத்தத்தில் சட்டென்று சொல்லும் ரேபிட் கிட் பாசிட்டிவ். வீடே கலங்கிப்போச்சு. ஸ்லைடில் ஒன்றுமில்லை. ஃபால்சிபாரத்தின் எச்ஆர்பி2 புரதம், ஒட்டுண்ணி செத்தபிறகும் சில வாரம் ரத்தத்தில் நிற்கும். அதை அவர் அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆச்சு. மோல்மேன் அண்ணே, ஜீம்சா எத்தனை சதவீதம் போடுறீங்க?

மோல்மேனிலிருந்து:
நோயாளி வாசலில் காத்திருந்தால் 10 சதவீதம், 10 நிமிஷம். இல்லையென்றால் 3 சதவீதம், முக்கால் மணி. தடித்த பூச்சை மெத்தனாலில் மட்டும் காட்டிடாதீங்க தம்பி. சிவப்பணு கரையாமல் அப்படியே நிற்கும், ஒன்றும் தெரியாது. நான் அதையும் செய்திருக்கேன்.