சிம்கோ ஏரியில் ஹட் வாடகைக்கு எடுப்பதா, கூடாரம் வாங்குவதா?

புதுத்தூண்டில்: ஜனவரி கடைசியில் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு சிம்கோ ஏரிக்கு ஐஸ் மீன்பிடிக்க, அதாவது உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடிக்கப் போக இருக்கிறேன். ரொறன்ரோவில் இருந்து ஒரு மணிநேரம்தானே. ஐஸ் மேல் வைத்திருக்கும் மர ஹட் (சிறு குடில்) வாடகைக்கு எடுப்பதா, துணிக் கூடாரம் வாங்குவதா?

மீன்கொத்தி: ஹட் எடுங்கள். காலையில் ஹட் நடத்துகிறவர்களே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் விடுவார்கள். உள்ளே ஹீட்டர் எரியும், பலகைத் தளத்தில் துளைகள் தயாராக இருக்கும். பிள்ளைகளுக்குக் கால் விறைத்துவிட்டால் அன்றைய மீன்பிடி அதோடு சரி.

வெண்பனி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. பேர்ச் மீன் கூட்டமாகத் திரிகிறது. கூட்டம் நகர்ந்துவிட்டால் ஹட்டுக்குள் நாள் முழுக்க வெறும் துளையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கூடாரம் என்றால் மடக்கி ஸ்லெட்டில் (பனியில் இழுக்கும் சறுக்கு வண்டியில்) போட்டு நூறு மீட்டர் தள்ளிப் போய் விரிக்கலாம். 7 சதுர மீட்டருக்கு மேற்படாத துணிக் கூடாரத்துக்கு ஒன்ராறியோவில் பதிவும் தேவையில்லை. மர ஹட்டுக்குப் பதிவெண் எடுத்து, 6.3 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் வெளியே எழுத வேண்டும்.

மீன்கொத்தி: பதிவெண் ஹட் சொந்தக்காரரின் வேலை, வாடகைக்கு எடுப்பவருக்கு அதில் என்ன? போன வருடம் என் கண் முன்னாலேயே ஒரு கூடாரம் காற்றில் உருண்டு போனது. பிடிக்க ஓடிய மனிதர் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார்.

வெண்பனி: அவர் ஆணி அடிக்காமல் விரித்திருப்பார். காற்று வரும் பக்கத்து மூலையை முதலில் ஐஸில் திருகிவிட்டுத்தான் கூரையைத் தூக்க வேண்டும். அப்புறம் சுற்றிவர இருக்கும் பாவாடைத் துணிமேல் பனியை அள்ளிப் போட்டால் அசையாது. சரி, நீங்கள் மார்ச் மாதத்தில் ஏரிக்குப் போய்ப் பார்த்ததுண்டா? 15ஆம் தேதிக்குள் ஹட்டை எடுத்துவிட வேண்டும். ஆனால் அடியில் உருகிய தண்ணீர் திரும்ப உறைந்து கட்டைகளை இறுக்கிவிடுகிறது. சிலர் இழுத்துப் பார்த்துவிட்டு அடிப்பலகையை விட்டுப் போகிறார்கள். ஆணியோடு அந்தப் பலகை ஏரிக்குள் போகிறது. எனக்கு அதைப் பார்க்க வயிறு எரிகிறது.

மீன்கொத்தி: அந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் நீங்கள் பெரிய விஷயத்தை விட்டுவிட்டீர்கள், தம்பி. கூடாரத்தோடு போகிறவர் ஐஸைத் தானே அளக்க வேண்டும். தெளிந்த ஐஸ் என்றால் நடக்கக் குறைந்தது 10 செ.மீ. வேண்டும். வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான், அதன்படி இருமடங்கு வேண்டும். ஒரே ஏரியில் இங்கே தடிப்பாகவும் அங்கே வெடிப்பாகவும் இருக்கும். ஹட் நடத்துகிறவர்கள் தினமும் துளைத்துப் பார்த்துத்தான் ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். புதியவரைப் பிள்ளைகளோடு தனியாக அனுப்ப எனக்கு மனம் வராது.

வெண்பனி: பிள்ளைகளோடு முதல் பயணம் என்பதால் இந்த ஒரு தடவை ஹட் என்று ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவைக்கு நான் கூடவே வந்து அளக்கக் காட்டித் தருகிறேன், கூடாரம் என்னிடம் இருக்கிறது.

புதுத்தூண்டில்: நன்றி அண்ணாமாரே, ஹட்டே எடுக்கிறேன். நாங்கள் என்ன கொண்டுபோக வேண்டும்?

மீன்கொத்தி: கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, கட்டாயம். ஹீட்டர் எரியும்போது வரக்கூடிய அந்த நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைத்துவிடாதீர்கள்.

வெண்பனி: ஓட்டை அகப்பையும். துளையில் படரும் ஐஸை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் சின்னவரிடம் கொடுங்கள், நேரம் போவதே தெரியாது.