முதல் ஊசியில் காய்ச்சல் வந்ததால் 10 வார ஊசிக்கு மறுக்கிறார்கள். எப்படிப் பேசுவது?

செங்காந்தள்:
ஊரில் தடுப்பூசிக்கு ஆள் கூட்டி வரும் தன்னார்வலர்களுக்காகக் கேட்கிறேன். 6 வார ஊசி போட்ட அன்று இரவே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், தொடை வீக்கம். இப்போது 11 வாரம், எடை 5 கிலோ. அம்மா "அடுத்த மாசம் பாக்கலாம்" என்கிறார். பாட்டி "ஒரு ஊசி போதும்" என்கிறார். துபாயில் இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ ஆடியோ வந்திருக்கிறதாம். "போடலைன்னா ஆபத்து" என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அசையவில்லை.

வேம்படி:
மூன்று பேருக்கும் மூன்று காரணம். ஒரே பேச்சு மூவருக்கும் எடுபடாது.

அம்மாவிடம் முதலில் கேளுங்கள்: "அன்னைக்கு ராத்திரி எப்படி இருந்துச்சு, யாரு முழிச்சிருந்தீங்க?" அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு, "காய்ச்சல் ஏன் வந்துச்சுன்னு சொல்லட்டுங்களா?" தலையாட்டினால் மட்டும் தொடருங்கள். பென்டா என்பது ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி. அதில் கக்குவான் இருமலுக்கான பகுதி முழுக் கிருமியைச் செயலிழக்கச் செய்து எடுத்தது. காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். ஊசி போடும்போதே இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது.

பலர் சொல்லாமல் விடுவது இன்னொன்று. 6 வாரத்தில் பென்டா, நிமோனியா ஊசி, போலியோ ஊசி என மூன்று குத்து. 10 வாரத்தில் பென்டா ஒன்றுதான் ஊசி, போலியோவும் ரோட்டாவும் (வயிற்றுப்போக்குக்கான தடுப்பு மருந்து) வாயில் சொட்டு. இதைக் கேட்டதும் அம்மாக்களின் முகம் மாறும். ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வலியும் அழுகையும் குறையும்.

பாட்டிக்குக் கக்குவானைப் பற்றிச் சொல்லுங்கள். ஊரில் பார்த்திருப்பார். ஆனால் கைக்குழந்தைக்கு அது வந்தால் இருமலே இல்லாமல் மூச்சு நின்று உடம்பு நீலம் பாரிக்கலாம் என்பது தெரிந்திருக்காது. ஒரு டோஸ் அதைத் தடுக்கப் போதாது.

கடைசியாக, "போடலாமா?" என்று கேட்காதீர்கள். "புதன்கிழமை 10 மணிக்குப் போட்டுரலாம், அட்டையை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லுங்கள். தயங்கினால் மறுபடி காரணத்தைக் கேளுங்கள்.

மருந்துக்கடை_மணி:
காய்ச்சல் மருந்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 5 கிலோ என்றால் 50 முதல் 75 மி.கி. சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி., ஆக அரை மி.லி. 125 சிரப் என்றால் 5 மி.லி.யில் 125 மி.கி., ஆக 2 மி.லி. சிரப் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நாலு மடங்கு ஆகிவிடும். பாட்டிலில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு, செவிலியரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஊசிக்கு முன்பே கொடுத்து வைக்கவும் வேண்டாம்.

வீக்கத்துக்கு ஈரத்துணி போதும். எண்ணெய் தேய்ப்பது, மஞ்சள் பத்து போடுவது எதுவும் கூடாது. போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். வலிப்பு, துவண்டு போவது, பால் குடிக்காமை, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, இரண்டு நாள் தாண்டிய காய்ச்சல் என்றால் உடனே டாக்டர். முதல் ஊசிக்குப் பின் வலிப்போ கடும் ஒவ்வாமையோ வந்திருந்தால் நீங்கள் வற்புறுத்தவே கூடாது, டாக்டர் முடிவு செய்யட்டும்.

சளி, லேசான இருமல் தடை இல்லை. நாள் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அடுத்த டோஸ் போட்டு, அதிலிருந்து நான்கு வாரம் கழித்து மூன்றாவது.

தனியாரில் விற்கும் "வலியில்லா ஊசி" பற்றிக் கேட்பார்கள். காய்ச்சல் குறைவு, உண்மைதான். கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு அதில் சீக்கிரம் தேயும், விலையும் அதிகம். அவர்களுக்கு அதுதான் சம்மதம் என்றால் தடுக்காதீர்கள். ஊசியே இல்லாமல் இருப்பதற்கு அது மேல்.

தாமிரபரணி:
ஆடியோ விஷயம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது இதே மாதிரி வாட்ஸ்அப் செய்திகளால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெற்றோர் தயங்கி, கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கேட்காமலே மறுக்காதீர்கள், என்ன சொல்கிறது என்று வாங்கிக் கேளுங்கள். ஊசியால் ஆட்டிசம் வரும் என்று சொன்னால்: 1998இல் பிரிட்டன் டாக்டர் வேக்ஃபீல்டு எழுதிய கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து, அதுவும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசியைப் பற்றி. 2010இல் பத்திரிகையே திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்ததில் தொடர்பு இல்லை. பென்டாவுக்கு அந்தக் கட்டுரையில் இடமே இல்லை.

"ஊசியால் யாருக்கும் எதுவும் ஆனதே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தது ஊருக்கே தெரியும். மறைத்தால் மீதி சொல்வதும் எடுபடாது. ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல், திறந்த மருந்துக் குப்பிக்கு நேரக்கெடு, அரை மணிக் காத்திருப்பு என்று இப்போது என்னென்ன காவல் இருக்கிறது என்பதை அங்கேயே காட்டச் சொல்லுங்கள்.

செங்காந்தள்:
அப்பாவிடம் நேரில் பேச வழி இல்லையே. அம்மா சொன்னால் கேட்க மாட்டாராம்.

வேம்படி:
அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள், இரண்டு பக்கமும் அடி அவருக்குத்தான். அப்பா வேலை முடிந்து அழைக்கும் நேரம் பார்த்து, அப்போது செவிலியர் அக்காவை ஸ்பீக்கரில் பேசச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முப்பது விநாடி ஆடியோ: குழந்தை பெயர், எந்த ஊசி, எத்தனை குத்து, காய்ச்சல் வந்தால் எவ்வளவு மருந்து, யாரை அழைப்பது. அவருக்கு வந்ததும் ஆடியோதானே.