எல்லையற்ற நுணுக்கத்தைச் சந்தேகித்தது தவறா?

வோக்சல் விரும்பி:
2011 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துச் சிறு நிறுவனமான யூக்ளிடியான் ஒரு காணொளி வெளியிட்டது. கேம்களின் முப்பரிமாண உருவங்களை வழக்கமாகக் கட்டும் முக்கோணங்களே இல்லாமல், மணல் துகள் போன்ற ‘அணுக்களால்’ கட்டிய ஒரு தீவு. கன மில்லிமீட்டருக்கு 64 அணுக்கள் என்றார்கள். தொழில்நுட்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அன்லிமிடெட் டீடெய்ல்’. மைன்கிராஃப்டை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன் அதை மோசடி என்றே எழுதினார். இணையத்தில் பெருங்கூட்டம் அதை வழிமொழிந்தது.

2020 மே மாதம் எபிக் நிறுவனம், கேம்களை உருவாக்க உதவும் தன் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5-ஐக் காட்டியது. ஒரு சிலையில் மட்டும் 3.3 கோடி முக்கோணங்கள், ஓர் அறையில் அப்படி ஏறத்தாழ 500 சிலைகள், மொத்தம் 1,600 கோடிக்கும் மேல். எல்லாம் பிளேஸ்டேஷன் 5-இல் ஓடியது. இப்போது எல்லோரும் கைதட்டினார்கள். இதைச் செய்த நானைட் என்ற அதன் பகுதியின் அடிப்படை என்ன? திரையில் எத்தனை பிக்சல் இருக்கிறதோ அத்தனைக்கு வேண்டிய விவரத்தை மட்டும் தேடி எடு. உலகம் எவ்வளவு பெரிதானாலும் செலவு ஏறாது. யூக்ளிடியானின் புரூஸ் டெல் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைத்தான் சொன்னார். புதிதாக எது வந்தாலும் பித்தலாட்டம் என்று முத்திரை குத்துவது நம் துறையைப் பிடித்த நோய் என்பேன்.

நிழற்கணக்கர்:
பெர்சன் வெறுமனே ஏசவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சதுர கிலோமீட்டர் தீவு, எட்டு மீட்டர் உயரம், கன மில்லிமீட்டருக்கு 64 அணுக்கள், அணுவுக்கு ஒரே ஒரு பைட். பெருக்கிப் பாருங்கள்: 512 பெட்டாபைட். எந்த வன்தட்டிலும் அடங்காது. ஆகவே அந்தத் தீவு சில துண்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிச் செய்தது என்றார். காணொளியை இன்று ஓட்டிப் பார்த்தாலும் ஒரே மரமும் ஒரே பாறையும் வரிசை கட்டி நிற்பது தெரியும். துண்டுகளை அடுக்குவது தவறல்ல. அப்படி அடுக்கிவிட்டு ‘எல்லையற்றது’ என்று பெயர் வைத்ததுதான் தவறு.

கருத்தை யாரும் ஒதுக்கவும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் ஆய்வாளர்கள் லைனும் கராஸும், வோக்சல் எனும் சிறு கனசதுரங்களைக் கிளை கிளையாக அடுக்கிய தரவைத் திறம்பட ஒளிக்கற்றை கொண்டு தேடும் முறையை 2010-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். டூம் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் யூக்ளிடியானைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? அன்றைய கருவிகளில் இதை வைத்து கேம் செய்ய வாய்ப்பில்லை, சில ஆண்டுகள் கழித்து முடியலாம், தயாரிப்பு வேலை கடினமாக இருக்கும் என்றார். அதற்குப் பெயர் ஏளனமா? நடந்ததை அப்படியே முன்கூட்டிச் சொன்ன வாக்கு அது.

சிற்பி:
நான் கேம்களுக்குப் பாறையும் தூணும் சிலையும் செய்பவன். உங்கள் இருவர் பேச்சிலும் ஒன்று விடுபடுகிறது: இந்த வேலையைச் செய்யும் கை.

நானைட்டுக்கு முன் ஒரு சிலைக்குப் பல கோடி முக்கோணங்களில் சிற்பம் செதுக்குவோம். பிறகு அதன் மேல் சில ஆயிரம் முக்கோணங்களில் ஒரு மலிவான உடலைக் கையால் கட்டுவோம். செதுக்கலின் நுணுக்கத்தையெல்லாம் நார்மல் மேப் என்ற படத்தில் இறக்குவோம். தொலைவுக்கேற்ப மூன்று நான்கு எளிய வடிவங்கள் வேறு செய்ய வேண்டும். செதுக்கியதைவிட அதைச் சிதைப்பதற்குச் செலவான நேரமே அதிகம். நானைட்டில் செதுக்கிய சிலையை அப்படியே உள்ளே இடலாம். எபிக்கின் ஆவணம் சராசரியாக ஒரு முக்கோணத்துக்கு 14.4 பைட் என்கிறது. 3.3 கோடி முக்கோணச் சிலை என்றால் சுமார் 475 எம்பி. பெரிய கோப்புதான், ஆனால் நினைத்துப் பார்க்கக் கூடிய அளவு. 512 பெட்டாபைட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது பொருள் எது விளம்பரம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் தொடக்கத்தில் நானைட்டுக்கு அசையாத, ஒளி ஊடுருவாத பொருள்கள் மட்டுமே பிடித்தன. இலைகளுக்கு வேண்டிய துளையிட்ட மேற்பரப்பும், காற்றில் ஆடும் அசைவும் 2022-இல் வந்த 5.1 பதிப்பில்தான் கிடைத்தன. 2020 காட்சி பாறைக் குகையில் நடந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

வோக்சல் விரும்பி:
சிற்பி, யூக்ளிடியானும் கலைஞர்களின் கையைப் பற்றித்தான் பேசியது! நிஜப் பாறையை ஸ்கேன் செய்து அப்படியே உள்ளே இடலாம் என்றது. சொன்னவர் சிறியவர் என்பதாலேயே கதவு சாத்தப்பட்டது. ஆஸ்திரேலிய அரசு சுமார் 20 லட்சம் டாலர் மானியம் கொடுத்தது; எபிக்கிடம் இருக்கும் பணத்துக்கு முன் அது தூசு. பிறகு அந்நிறுவனம் லேசரால் அளந்த நகரங்களையும் நிலப்பரப்பையும் திரையில் காட்டும் மென்பொருளாக இதே முறையை விற்றது. ஏமாற்று வேலை என்றால் அது எப்படி ஓடியது?

இன்னொன்று. 2025 ஜூனில், அன்ரியல் எஞ்சினில் ஓடிய விட்சர் 4 கேமின் தொழில்நுட்பக் காட்சியில் அடர்ந்த காடு வந்தது. அதற்கான நானைட் தாவர முறை தொலைவில் இருக்கும் இலைக்கூட்டத்தை எதால் வரைகிறது? வோக்சலால். எல்லோரும் தூக்கி எறிந்த கருத்து பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

நிழற்கணக்கர்:
லேசர் அளவைத் தரவு அசையாது. அதில் எதிரி ஓடுவதில்லை, சுவர் இடிவதில்லை, வெயில் சாய்வதில்லை. அந்த வேலைக்கு அவர்கள் முறை பொருந்தியது, மகிழ்ச்சி. ஆனால் 2011-இல் அவர்கள் விற்றது கேம்களின் எதிர்காலத்தை.

நானைட் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல என்பது விளங்கும். மெஷ்ஷை, அதாவது முக்கோணங்களால் ஆன வடிவத்தை, 128 முக்கோணங்கள் கொண்ட கொத்துகளாகப் பிரிக்கிறது. பக்கத்துக் கொத்துகளைக் குழுவாகச் சேர்த்து, குழுவின் வெளி விளிம்பை அசைக்காமல் உள்ளே முக்கோணங்களைப் பாதியாகக் குறைக்கிறது. குறைத்ததை மீண்டும் கொத்துகளாக்கி, வேறு விதமாகக் குழு சேர்த்து, மறுபடி குறைக்கிறது. விளிம்பை அசைக்காததால் நுணுக்கமான கொத்தும் எளிய கொத்தும் அருகருகே வந்தாலும் இடையில் விரிசல் விழாது. குழுக்கள் ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஒரே விளிம்பு கடைசிவரை பூட்டிக்கிடப்பதும் இல்லை. வரையும் நேரத்தில், பிழை ஒரு பிக்சலுக்குள் அடங்கும் கொத்தைத் தேர்ந்தெடுக்கிறது. என்னை வியக்க வைத்தது அடுத்த பகுதி. கிராபிக்ஸ் கார்டு பிக்சல்களை இரண்டுக்கு இரண்டு கட்டங்களாகவே கையாளும். முக்கோணம் ஒரு பிக்சல் அளவுக்குச் சிறுத்துவிட்டால் அந்த உழைப்பில் முக்கால் பங்கு வீண். அதனால் சிறு முக்கோணங்களுக்கு வன்பொருளின் வழியை விட்டுவிட்டு, தாங்களே மென்பொருளில் எழுதிய வழியில் வரைகிறார்கள். அது சராசரியாக மூன்று மடங்கு வேகம் என்று அளந்து சொன்னார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? எபிக்கின் பிரையன் காரிஸ் 2021-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் விளக்கினார். வோக்சலை முயன்றதையும், தரவு அளவு உட்பட எந்தக் காரணங்களால் கைவிட்டார்கள் என்பதையும் அங்கேயே சொன்னார். யூக்ளிடியான் இப்படி ஒரு பக்கம் எழுதியிருந்தால் நானே முதல் ஆளாகப் பாராட்டியிருப்பேன்.

ஆட்டக்காரர்:
நீங்கள் மூவரும் எஞ்சினுக்குள்ளேயே நிற்கிறீர்கள். பணம் கொடுத்து விளையாடுபவன் பக்கம் கொஞ்சம் வாருங்கள். 2023-இல் வந்த ரெம்னன்ட் 2 நானைட்டைப் பயன்படுத்தியது. அப்ஸ்கேலிங்கை மனத்தில் வைத்தே வடிவமைத்தோம் என்று அதைச் செய்தவர்களே அறிவித்தார்கள். அதாவது முழுத் தெளிவில் நேராக ஓட்டும் எண்ணமே இல்லை. நுணுக்கம் கோடிக்கணக்கில் ஏறுகிறது, பிறகு சிறிய படமாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். அப்படியானால் அந்த நுணுக்கம் யாருக்காக?

2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வெளிவந்த 4090-இன் திறனைத் தரும் என்று என்விடியா மேடையில் சொன்னது. உண்மையில் வரைந்த ஒரு ஃபிரேமுக்கு (அசையும் காட்சியின் ஒரு தனிப் படத்துக்கு) மூன்று ஃபிரேம் வரை செயற்கை நுண்ணறிவு இட்டு நிரப்புவதையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இட்டு நிரப்பிய ஃபிரேமில் என் விரல் அழுத்திய பொத்தான் இல்லை. கண்ணுக்கு வழவழப்பு கூடுகிறது, கைக்கு வேகம் கூடவில்லை. அந்தத் தொழில்நுட்பம் போலி என்று நான் சொல்லவில்லை. ‘திறன்’ என்ற சொல்லுக்குள் எதைத் திணிப்பது என்பதை விற்பவரே முடிவு செய்வதைத்தான் எதிர்க்கிறேன்.

சிற்பி:
அன்ரியல் கேம்கள் நடுவில் திணறுவதற்கும் நானைட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு; அப்படிச் சொல்லாதீர்கள். அன்ரியல் கேம்கள் நடுவில் ஒரு நொடி நிற்பதற்குப் பெரும்பாலும் ஷேடர்களை (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களை) ஓட்டத்தின் நடுவே தொகுப்பதே காரணம். அது வேறு நோய், வேறு மருந்து.

ஆட்டக்காரர்:
நோய் எதுவானாலும் படுக்கையில் கிடப்பது என் கேம். 2020 காட்சியில் அந்தத் திணறலைப் பற்றி ஒரு சொல்லாவது வந்ததா?

வோக்சல் விரும்பி:
இதுதான் என் கேள்வியும். நிழற்கணக்கரின் அளவுகோலை எபிக்குக்கும் வையுங்கள். 2020 மே காட்சியை யாரும் தொட்டுப் பார்க்க முடியவில்லை. அந்தக் காட்சி பொதுமக்கள் கைக்கு வரவே இல்லை. ஒரு முழு ஆண்டு உலகம் எதை நம்பிக் கைதட்டியது? பெயரை. 2011-இல் பெர்சன் கேட்ட கேள்விகளை 2020-இல் அதே வேகத்தில் கேட்டவர்கள் எத்தனை பேர்? சந்தேகம் என்பது எளியவரிடம் மட்டும் காட்டும் கோபமாக இருந்தால் அதை நான் மதிக்க மாட்டேன்.

நிழற்கணக்கர்:
கேட்க வேண்டிய கேள்வி, முழு மனத்தோடு ஏற்கிறேன். பெரியவர்களிடம் நம் துறை போதிய அளவு கேட்பதில்லை. ஆனாலும் அந்த நாளிலேயே ஒரு வேறுபாடு இருந்தது. எபிக் தனக்குப் பெருமை தராத எண்களையும் கொடுத்தது: பெரும்பாலும் 1440பி தெளிவு, நொடிக்கு 30 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமிலும் நூறு கோடிக்கும் மேற்பட்ட முக்கோணங்களிலிருந்து திரையில் வரைவது சுமார் இரண்டு கோடி மட்டும். 2021 மே மாதம் இன்னொரு முழுக் காட்சியைத் தரவிறக்கித் திறந்து பார்க்கக் கொடுத்தது. யூக்ளிடியான் சொன்ன எண்கள் எல்லாம் மேல்நோக்கியே இருந்தன. நினைவகம் எவ்வளவு என்று கேட்டவர்களுக்குத் தெளிவான எண் வரவில்லை, காட்சியில் நிழல் நகரவில்லை, எந்தக் கேம் நிறுவனமும் அதை வைத்து எதையும் வெளியிடவில்லை.

வோக்சல் விரும்பி:
நானைட் தாவர முறை அன்ரியல் 5.7-இல் சோதனை நிலையில் வந்திருக்கிறது. காற்றில் ஆடும் ஒரு காட்டை முக்கோணத்தில் ஒரு முறை, வோக்சலோடு ஒரு முறை ஓட்டி, ஃபிரேம் நேரத்தையும் கார்டு நினைவகத்தையும் இங்கேயே பதிகிறேன். அப்ஸ்கேலிங் இல்லாமல், ஃபிரேம் இட்டு நிரப்பாமல்.

ஆட்டக்காரர்:
நடுத்தர விலைக் கார்டில் ஓட்டுங்கள்.

நிழற்கணக்கர்:
திட்டக் கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். நானும் ஓட்டிப் பார்க்கிறேன்.