புதுப்பிப்பு: தங்கை மகனின் வளைபாதச் சிகிச்சை

கடலூரில் பிறந்த என் தங்கை மகனின் இரு பாதங்களும் உள்நோக்கி வளைந்திருப்பதையும், எண்ணெய் தேய்த்து நீவினால் போதும் என்று உறவினர்கள் சொல்வதையும் முன்பு எழுதியிருந்தேன். புதுச்சேரியில் எலும்பு மருத்துவர், பொன்செட்டி முறைப்படி வாரந்தோறும் பாதத்தை மெல்லத் திருத்தி, தொடைவரை மாவுக்கட்டு மாற்றினார். வழக்கமாக 5 முதல் 7 கட்டுகள் தேவைப்படும். பிறகு குதிகால் நாணை, அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் பட்டையை, சிறு கீறலில் வெட்டி, 3 வாரங்களுக்குக் கடைசிக் கட்டு. வெட்டு என்றதும் அம்மா கலங்கினார். ஆனால் அந்த நாண் கட்டுக்குள்ளேயே மீண்டும் வளர்ந்து சேர்ந்துவிடும். இப்போது பாதங்கள் நேராகிவிட்டன என்றாலும், கடினமான பகுதி இனிமேல்தான்: கம்பியால் இணைத்த காலணிகளை முதல் 3 மாதங்கள் நாளுக்கு 23 மணி நேரமும், அதன்பின் 4 வயதுவரையாவது உறங்கும்போதும் அணிவிக்க வேண்டும், இதைக் கைவிடுவதே வளைவு திரும்புவதற்கு முதன்மைக் காரணம். கடலூர்ப் புழுக்கத்தில் பருத்திக் காலுறை போட்டு, தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்க்கிறோம்.